கடலைக் கடந்து போகும் கல்லூரி

தலைப்பு: மாணவரை வாழ்க்கைக்குத் தயார்செய்வது விடுதியில் தங்கிப் படிப்பதா, வீட்டிலிருந்து போய்வந்து படிப்பதா?
இடம்: தங்கச்சிமடம்
'போய்வந்து படிப்பதே' என்ற அணியில் பேசியது

நடுவர் அவர்களே, எங்களை ஏற்கெனவே தோற்கடித்துவிட்ட நிம்மதியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, கடற்காற்றில் பந்தல் ஆடினாலும் தாங்கள் ஆடாமல் உட்கார்ந்திருக்கும் தங்கச்சிமடத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டுக் கூடத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அன்பர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா அருமையாப் பேசினாங்க. உங்க ஊர் மல்லிகை நாற்றையே எடுத்து எங்க மேல வீசிட்டாங்க. "தங்கச்சிமடத்தில் பதியம் போட்ட நாற்று மதுரையில் போய்ப் பூக்குது, பிள்ளைகளையும் அப்படி வெளியூருக்கு அனுப்புங்க"ன்னாங்க. நல்ல உவமை. ஆனா அம்மா, நாற்றைக் கட்டி லாரியில ஏத்தினா நாற்று மறுபடி அம்மாவைத் தேடாது. ஞாயித்துக்கிழமை ராத்திரி போன் பண்ணி "சாப்பாடு சரியில்லம்மா"ன்னு அழாது. (சிரிப்பு)

அடுத்துப் பேசினவர் கலாம் ஐயாவையே கொண்டுவந்து நிறுத்திட்டார். இந்தத் தீவில் நின்னுக்கிட்டு அந்தப் பேரைச் சொன்னா யாரால எதிர்த்துப் பேச முடியும்? அவர் ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் வெளியே தங்கித்தான் படிச்சார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்கும் சென்னை எம்.ஐ.டி.க்கும் வீட்டை விட்டுத்தான் போனார். உண்மை. ஆனா அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்தத் தீவுக்கும் கரைக்கும் நடுவே 1914-ல் திறந்த ரயில் பாலம் மட்டும்தான் இருந்தது. சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2. அது வந்த பிறகுதான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபடியே கரைக்குப் போக முடிஞ்சது.

இன்னொண்ணையும் நண்பர் விட்டுட்டார். எம்.ஐ.டி.யில் சேர அன்றைக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அதை எப்படிப் புரட்டினாங்கன்னு கலாம் ஐயாவே தம் சுயசரிதையில் எழுதியிருக்கார். அக்கா சோரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். வெளியூர்ப் படிப்புக்குப் பின்னால ஒரு அக்கா கழுத்து காலியா நின்னுச்சு. எல்லா வீட்டிலும் அடகு வைக்க வளையல் இருக்குமா நடுவர் அவர்களே? (கைதட்டல்)

நான் விடுதியைக் குறை சொல்ல வரல. நூலகம் பக்கத்தில், நண்பர்கள் பக்கத்தில், ராத்திரி பதினோரு மணி வரை படிக்கலாம். இதெல்லாம் பெரிய வசதி. ஆனா இந்தக் கரையில் பெரும்பாலான வீடுகளில் விடுதியா பஸ்ஸான்னு யாரும் உட்கார்ந்து யோசிக்கிறதில்லை. பஸ்ஸா, இல்லை இறால் கம்பெனியா? அதுதான் கேள்வி. ஆம்பளைப் பிள்ளைன்னா பஸ்ஸா, படகா? எங்கள் அணி பேசுவது அந்தப் பிள்ளைகளுக்காக.

முப்பது வருஷமா வகுப்பில் நிற்கிறேன். என் முன்னால் உட்காரும் பிள்ளைகள் யாருன்னு சொல்றேன். விசைப்படகில் கூலிக்குப் போறவர் மகன். நாட்டுப்படகு வைத்திருப்பவர் மகள். முகத்தில் கண்ணாடி மாட்டிக் கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கும் தாயின் மகள். ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கிறவர் பிள்ளை, நாற்றுப் பண்ணையில் கூலிக்குப் பதியம் போடுகிறவர் பிள்ளை. மண்டபம் முகாமில் ஏறுகிற ஒரு பிள்ளை. அதன் அப்பாவும் அம்மாவும் இலங்கையிலிருந்து வந்தவங்க, அது பிறந்தது முகாமில். பலர் அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள்.

உயர்கல்விக்குப் போவோர் விகிதத்தில் தமிழ்நாடு 2021-22 கணக்கெடுப்பில் 47 சதவீதம். அகில இந்திய அளவு 28 சதவீதம்தான். நாம பெருமையாச் சொல்லிக்கிறோம். சொல்லிக்கணும். அந்த 47-ஐ விடுதிக் கட்டில்கள் மட்டும் கொண்டுவரலை. டவுன் பஸ்ஸும் மொபசல் பஸ்ஸும் பாசஞ்சர் ரயிலும் சேர்ந்து கொண்டுவந்தது.

நான் தமிழ் வாத்தியார், தொல்காப்பியம் பேசாம இறங்கினா வீட்டில் சேர்க்க மாட்டாங்க. (சிரிப்பு) பிரிவுக்குக் காரணங்கள் சொல்கிற இடத்தில் தொல்காப்பியர் ஓதலையும் சேர்க்கிறார். படிப்புக்காகத் தலைவன் பிரிந்து போவான். அந்தப் பிரிவு மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாதுன்னு கற்பியலில் எல்லையும் வைக்கிறார். இன்றைக்கு பி.ஏ.வும் சரியா மூன்று ஆண்டு! அரியர் வைத்தால் எத்தனை ஆண்டுன்னு மட்டும் தொல்காப்பியர் சொல்லலை. (பலத்த சிரிப்பு)

ஆனா கவனியுங்க. பிரிகிறவன் தலைவன்தான், தலைவி இல்லை. கடல் கடக்கிற பயணம் பெண்ணோடு கிடையாதுன்னும் அதே நூல் சொல்லுது. இன்றைக்குத் தங்கச்சிமடத்துப் பெண் தினம் ரெண்டு தடவை கடல் கடக்கிறாள். காலையில் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வீட்டை விட்டுப் பிரியவும் இல்லை. அவளுக்கு ஓதல் உண்டு, பிரிவு இல்லை. எந்த உரையாசிரியரும் நினைத்துப் பார்க்காத ஒரு திணையை அரசுப் பேருந்து உண்டாக்கிடுச்சு. (கைதட்டல்)

எதிரணியினர் நூலக நேரம், படிப்பு நேரம்னு கணக்குச் சொன்னாங்க. நானும் ஒரு கணக்குப் போட்டேன். இங்கிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். போய்வர 90. ஆண்டுக்கு 180 வேலைநாள், மூன்று ஆண்டுக்கு 540 நாள். பெருக்கினால் 48,600 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 சொச்சம். இந்தப் பிள்ளை பட்டம் வாங்குறதுக்குள்ள பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மிச்சத்துக்கு இன்னொரு சுற்றும் ஆரம்பிச்சுடுது. நாமதான் 'பாமரன் வீட்டுப் பிள்ளை, உலகம் தெரியாது'ன்னு சொல்லிக்கிட்டிருக்கோம்.

சிரிச்சாச்சு. இதே கணக்கில் அழவேண்டிய பக்கமும் இருக்கு. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணின்னு வைங்க. நாளைக்கு மூணு மணி நேரம். மூன்று ஆண்டில் 1,620 மணி. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் வகுப்பு நடக்குதுன்னா ஆண்டுக்கு 900 மணி. அதாவது ஒண்ணே முக்கால் வருஷப் படிப்பு நேரத்தை இந்தப் பிள்ளை சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே கழிக்குது. அவ்வளவையும் இழந்துட்டு, விடுதிப் பிள்ளை எழுதும் அதே கேள்வித்தாளை எழுதித் தேறுது. யார் வாழ்க்கைக்குத் தயாரானவர்? நீங்களே சொல்லுங்க நடுவர் அவர்களே.

ரயில் இருக்கேன்னு கேட்கலாம். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாம ரயில் நின்னுக்கிட்டிருந்தது. கார்த்திகை, மார்கழியில் கல்லூரிக்கு லேட்டா வந்த பிள்ளையிடம் "ஏன் லேட்?"டுன்னு கேட்டா, "காத்துங்கய்யா"ன்னு சொல்லும். அதைக் கேட்டு வகுப்பே சிரிக்கும். ஆனா அது பொய்யில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியோடு ஒரு பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோன ஊர் இது. இங்கே காற்றைக் காரணமாச் சொன்னா நம்பணும். அப்புறம் 2022 டிசம்பரில் பழைய பாலம் பலவீனமாகி ரயிலே நின்னு போச்சு. புதுப்பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. 2022-ல் முதலாண்டு சேர்ந்த பிள்ளையை நினைச்சுப் பாருங்க. முதல் பருவம் முடியும்போது ரயில் நின்னது, கடைசிப் பரீட்சைக்குத்தான் திரும்ப வந்தது. நடுவில் முழுக்க முழுக்க பஸ்தான்.

அந்த பஸ்ஸுக்குள்ள வாங்க. தங்கச்சிமடத்தில் ஏறும்போதே கூட்டம். பாம்பனில் இன்னும் பத்துப் பேர், மண்டபத்தில் பத்துப் பேர். உச்சிப்புளி வரும்போது மூச்சு விடணும்னா கண்டக்டரிடம் கேட்கணும். உட்கார்ந்திருக்கிற பிள்ளை மடியில் நாலு பை இருக்கும், ஒண்ணுதான் அவளோடது. மற்றது நிற்கிறவங்களோடது. ஒருத்தி பை மேல ஜெபமாலை தொங்கும், பக்கத்தில் ஒருத்தி பர்தா போட்டிருப்பாள், இன்னொருத்தி நெற்றியில் திருநீறு. வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு மூன்று மதத்தாரும் போகிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒருத்தி நோட்டைப் பார்த்து இன்னொருத்தி செல்போனில் படம் எடுத்துப் படிப்பாள். விடுதியில் சேர்ந்து வாழக் கத்துக்கிறாங்கன்னு சொன்னீங்களே, இதுக்குப் பேர் என்ன? நாற்பது சீட்டு பஸ்ஸில் எண்பது பேர் அனுசரிச்சுப் போறது சாதாரணப் பாடமா? (கைதட்டல்)

பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே அவங்க நாள் பாதி முடிஞ்சிருக்கும். ராமேஸ்வரம் தீவில் விசைப்படகு திங்கள், புதன், சனி மீன்துறை டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும். மறுநாள் விடியும்போது கரைக்கு வரும். செவ்வாயும் வியாழனும் முதல் மணி வகுப்பில் கடைசி பெஞ்சில் சிலர் தலை தொங்கும். புதுசா வந்த ஆசிரியர் கோபப்படுவார். அந்தக் கையை மோந்து பார்த்தா தெரியும். நாலு மணிக்குப் போய் மீன் தரம் பிரிச்சுக் கொடுத்துட்டு, குளிச்சுட்டு, ஓடி வந்து பஸ் பிடிச்ச கை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாசனை. அதை மறைக்கணும்னு கையைப் பெஞ்சுக்குக் கீழே வைத்திருப்பான் அந்தப் பையன். தம்பி, நீ மேலே வை. மணக்கட்டும். (பலத்த கைதட்டல்)

தாய்மார்களே, இன்னொரு கொடுமை உங்களுக்குத் தெரியும், மேடையில் சொல்லித்தான் ஆகணும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் பெருகணும், தடை நியாயம். ஆனா கல்லூரியில் இடம் கேட்டு அலைவது எந்த மாதம்? மேயும் ஜூனும். அதாவது வீட்டில் வருமானமே இல்லாத ரெண்டு மாதத்தில்தான் "கட்டணம் கட்டு, விடுதிக்கு முன்பணம் கட்டு"ன்னு சீட்டு வரும். தடைக்கால நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மாநாட்டில் அறிவிச்சாங்க. அந்த எட்டாயிரத்தில் ரெண்டு மாதம் உலை வைப்பதா, விடுதியில் கட்டில் பிடிப்பதா?

கடலில் அப்பா பிடிபட்டால் நிலைமை இன்னும் மோசம். அவர் அக்கரைச் சிறையில், படகு அவங்க கடற்படை வசத்தில். அந்த வாரம் வக்கீலைப் பார்க்கவும் அதிகாரியைப் பார்க்கவும் மனு எழுதவும் வீட்டில் எழுதத் தெரிந்த ஒரே ஆள் கல்லூரிப் பிள்ளைதான். 2017 மார்ச் 6 அன்று இந்த ஊர் இளைஞர் ஒருவர் நடுக்கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கல்லூரி முடிக்கிற வயசு. ஊரே நாள்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தது. அந்தப் பந்தலைப் பார்த்த எந்தத் தாய், படிக்கிற மகனைப் படகில் ஏற்ற ஒப்புவாள்? அவன் பஸ் ஏறுவது பட்டத்துக்காக மட்டும்னு நினைக்கிறீங்களா?

விடுதியில் பிள்ளை தனியா நிற்கக் கத்துக்குதுன்னு சொன்னார் நண்பர். சரி. நான் சொல்லும் பிள்ளை குடும்பத்தையே தூக்கிக்கிட்டு நிற்குது. அரசும் சும்மா இருக்கலை. 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண், 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன்னு மாதம் ஆயிரம் ரூபாய் வருது. ராமேஸ்வரத்திலேயே கலாம் பெயரில் அரசு கலைக்கல்லூரி வந்திருக்கு. இருந்தாலும் எல்லாப் பாடமும் அங்கே கிடையாது. பொறியியல்னா கீழக்கரை, ராமநாதபுரம்தான். பஸ் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

ஓடட்டும். மாற வேண்டியது கல்லூரி. காலை ஒன்பதரைக்கு மணி அடித்ததும் வாழ்க்கை ஆரம்பிக்குதுன்னு கல்லூரி நினைக்குது. பஸ் பத்து நிமிடம் தாமதமானால் முதல் மணி ஆப்சென்ட். அப்படியே சேர்ந்து சேர்ந்து வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அபராதம் கட்டணும், இல்லை பரீட்சை எழுத முடியாது. முதல் மணிக்கு வர முடியாமல் போனதுக்காக நின்றுபோன பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி இப்போது இறால் உரிக்கிறாள், என்னைப் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா ஐயா"ன்னு சிரிப்பாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியலை. (அமைதி)

விடுதிதான் உயர்ந்ததுன்னு தீர்ப்புச் சொல்ல நினைத்தால், நடுவர் அவர்களே, தாராளமாச் சொல்லுங்க. ஆனா சொல்வதற்கு முன்னால் நாளைக் காலை ஆறு மணிக்குத் தங்கச்சிமடம் பஸ் நிறுத்தத்துக்கு வாங்க. நானும் வர்றேன். நமக்கு உட்கார இடம் கிடைக்காது. யாராவது ஒரு பிள்ளை உங்க பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும்.

(நீண்ட கைதட்டல்)