பள்ளி வாசலிலிருந்து நம் வாசல் வரை

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

ஒரு பிள்ளை எடை கூடிவிட்டால் நாம் முதலில் குறை சொல்வது அதன் அம்மாவைத்தான். அடுத்து, நெய் ஊற்றிய பாட்டியை. வீட்டுச் சாப்பாடு முக்கியம்தான். பரம்பரை, தூக்கக் குறைவு, செல்போன் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பள்ளி வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் இருக்கும் தெருவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்று அந்தத் தெருவைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. அது 2010இல் வெளியானது. சுமார் 160 மீட்டருக்குள் துரித உணவகம் இருந்த பள்ளிகளில் உடற்பருமன் விகிதம் ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே உணவகம் 400 மீட்டர் தள்ளி இருந்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. 400 மீட்டர் என்பது ஐந்து நிமிட நடை. மணி அடித்ததும் பசியோடு வெளியே வரும் பிள்ளைக்குக் கண்ணெதிரே இருக்கும் கடையும் ஐந்து நிமிடம் நடந்து போக வேண்டிய கடையும் ஒன்றல்ல.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி, கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. ஒருநாள் மாலை பள்ளி வாசலில் நின்று பாருங்கள். சிப்ஸ் சரம் எத்தனை மீட்டரில் தொங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது 20 கிராம்தான். ஒரே பாட்டிலில் கணக்கு தாண்டிவிடுகிறது.

இதற்காகத் தள்ளுவண்டிக்காரர்களை விரட்டச் சொல்லவில்லை. சுண்டல், அவித்த வேர்க்கடலை, கொய்யா விற்பவர் நமக்குத் துணை. அவர் அங்கே இருக்கட்டும்.

அடுத்தது ஓட்டமும் நடையும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படியான உடலுழைப்பு தேவை. பள்ளிக்கு நடந்து போகலாம் என்றால் நடைபாதை முழுக்க பைக். அதனால் அரை கிலோமீட்டருக்கும் வேன். சரி, வீட்டுக்கு வந்தாவது விளையாடலாம் என்றால், நம் பார்க்கிங்கில் "இங்கு விளையாடக் கூடாது" என்று நாமே போர்டு மாட்டியிருக்கிறோம். தெருவிலும் இடமில்லை, உள்ளேயும் இடமில்லை என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? சோபாவுக்குத்தான்.

அதனால் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

ஒன்று, மாலை 5 மணியிலிருந்து 6.30 வரை பின்பக்கப் பாதையில் வண்டிகளை நிறுத்தாமல் பிள்ளைகளுக்கு விட வேண்டும். கார் கண்ணாடி உடையும், பெரியவர்கள் மேல் பந்து படும் என்ற கவலை நியாயமானது. டென்னிஸ் பந்து மட்டும் போதும். உடைந்தால் சங்க நிதியிலிருந்து சரிசெய்வோம்.

இரண்டு, பக்கத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றோர் முறை வைத்து நடத்தியே கூட்டிப்போகலாம். ஆளுக்கு வாரம் ஒரு நாள் வந்தால் போதும்.

மூன்று, 50 மீட்டர் விதியை நினைவூட்டிப் பள்ளிக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் சங்கத்தின் சார்பில் கடிதம் எழுதுவோம். பொங்கல் விழாவில் நாமும் கோலாவை நிறுத்திவிட்டு மோர் கொடுப்போம்.

கூடவே ஒன்று. லிஃப்டில் பார்க்கும் பிள்ளையை "என்னடா குண்டு" என்று செல்லமாகக்கூடக் கூப்பிடாதீர்கள். அப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளை விளையாட வெளியே வரவே கூச்சப்படும்.

அந்தப் போர்டைக் கழற்றுவது இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவது தீர்மானம். இரண்டாம் தளத்தில் தூங்கும் கைக்குழந்தையையும், மூட்டுவலியோடு நடைபழகும் தாத்தாவையும் யோசித்துத்தான் நேரத்தை ஒன்றரை மணியாக வைத்திருக்கிறோம். மாற்ற வேண்டுமென்றால் சொல்லுங்கள், மாற்றுவோம். ஆனால் கை தூக்காமல் மட்டும் போய்விடாதீர்கள்.