நிழல் எழுதும் படம்



பத்தாம் ஆண்டு விழாவில் யாப்பைப் பற்றியோ உவமையைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். ஒளிப்படத்தில் நிழல் என்னும் பொருளை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் எங்கள் வீட்டில் உள்ள ஒரு பழைய படம். அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சொல்லில் இருந்து தொடங்குகிறேன். தமிழாசிரியைக்கு வேறு வழி இல்லை. புகைப்படம், ஒளிப்படம், நிழற்படம் என்னும் மூன்று பெயர்களுள் நிழற்படம் என்பதே எனக்கு உவப்பானது. பழந்தமிழில் நிழல் என்பது வெயில் மறைந்த இடத்தை மட்டும் குறிப்பதன்று. கண்ணாடியிலும் நீரிலும் தோன்றும் உருவமும் நிழலே. ஒளிவிடும் பொருளின் பளபளப்பும் நிழலே. 1839-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தம் கண்டுபிடிப்பை அறிவித்தபோது, ஓடுகின்ற நிழலை நிறுத்தி வைக்கும் கலையாகவே அதனைக் கருதினார். வெள்ளியுப்புப் பூசிய தாளின்மேல் ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டுவார். வெயில் பட்ட இடம் கறுக்கும். இலையின் நிழல் விழுந்த இடம் வெளுத்தே நிற்கும். படக்கலையின் முதல் எழுத்தை நிழல்தான் எழுதியது என்பேன்.

நிழலைக் கையாளுவோர்க்கு முதல் ஆசான் கதிரவனே. கதிரவன் 45 பாகை உயரத்தில் நிற்கையில் நிழலும் பொருளும் ஒரே நீளம். ஏறத்தாழ 27 பாகைக்கு இறங்கினால் நிழல் இரு மடங்கு. நம் தமிழகத்திலோ ஆண்டில் இரு நாட்கள், நண்பகலில் நேராக நிற்கும் தூணுக்கு நிழலே விழாது. ஆகவே காலையும் மாலையுமே படமெடுப்போரின் பொழுதுகள்.

அமெரிக்கரான பால் ஸ்ட்ராண்ட் 1915-இல் நியூயார்க்கின் வால் தெருவில் எடுத்த படத்தை எண்ணிப் பாருங்கள். மார்கன் வங்கிக் கட்டடத்தின் பேருருவான இருண்ட மாடங்கள். அவற்றின் அடியில் காலை வெயிலில் எறும்புகளைப் போல் நடக்கும் மனிதர்கள். அவர்களுக்குப் பின்னே நீண்ட நிழல்கள். முகம் ஒன்றும் தெளிவாக இல்லை. ஆயினும் செல்வத்தின் முன் மனிதன் எத்துணைச் சிறியவன் என்பதை அந்தக் கருமை சொல்லிவிடுகிறது. அங்கேரியரான ஆந்த்ரே கெர்டேஸுக்கோ 1928-இல் ஒரு தட்டும் அதன் விளிம்பில் சாய்ந்த ஒரு முட்கரண்டியும் போதுமானவையாக இருந்தன. பொருளும் நிழலும் சேர்ந்தே அங்கு முழு உருவம் ஆகின்றன.

பாவலர்கள் மிகுந்த இந்த அவையில் நான் வழக்காட விரும்பும் படம் ஒன்று உண்டு. ஹாங்காங்கில் வாழ்ந்த ஃபான் ஹோ 1954-இல் எடுத்த 'நெருங்கி வரும் நிழல்'. உயர்ந்த வெண்சுவரின் அடியில் ஓர் இளம்பெண் தலை குனிந்து நிற்கிறாள். சுவரைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு கருநிழல் அவளை நோக்கி இறங்குகிறது. இளமை கழிவதைக் காட்டும் படம் என்று போற்றுவர். அந்தப் பெண் அவருடைய உறவினர். அந்த நிழலோ சுவரில் விழவே இல்லை. இருட்டறையில் படத்தை அச்சிடும்போது ஃபான் ஹோ சேர்த்தது. அவர் இதனை மறைக்கவும் இல்லை. அப்படியாயின் அது பொய்யா? நாளிதழுக்கு அனுப்பிய படமாயின் பொய் என்று நானே முதலில் சொல்வேன். கவிதையாக நிற்கும்போது, நிகழாத ஒன்றை உவமையாக அழைத்து வரும் உரிமை அவருக்கு உண்டு என்பது என் துணிபு. உடன்படாதவர்கள் தேநீர் இடைவேளையில் என்னைத் தாராளமாகக் கண்டிக்கலாம்.

இனித் தொழில்நுட்பம், சுருக்கமாகவே சொல்கிறேன். வெளிச்சத்துக்கு ஏற்ப ஒளியின் அளவை வைத்தால் நிழல் கருமையாக இறுகும். நிழலுக்கு ஏற்ப வைத்தால் வெளிச்சம் வெளிறிப்போகும். எதனை இழப்பது என்று துணிவதே படமெடுப்பவரின் வேலை. இன்றைய கைப்பேசிகள் பல அளவுகளில் எடுத்த படங்களைத் தாமே இணைத்து, நிழலுக்குள் இருப்பதை எல்லாம் வெளிச்சத்துக்கு இழுத்துவிடுகின்றன. எல்லாம் தெரிகிறது, எதையும் உற்றுப் பார்க்கத் தோன்றுவதில்லை.

இறுதியாக எங்கள் வீட்டுப் படம். என் தந்தையாரிடம் ஆக்ஃபா கிளிக் கேமரா ஒன்று இருந்தது. வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்னும் விதியை அவர் மீறியதே இல்லை. 1987-இல் ஒரு மாலை, கொல்லைப்புறக் கிணற்றடியில் அம்மாவையும் என்னையும் தம்பியையும் நிறுத்தி எடுத்தார். அச்சிட்டு வந்தபோது அவருடைய நிழல் தரையில் நீண்டு எங்கள் காலடி வரை வந்து கிடந்தது. படம் கெட்டுவிட்டது என்று மிகவும் வருந்தினார். நான்கு ஆண்டுகளில் அவர் மறைந்தார். அலுவலக அட்டையில் ஒட்டிய முகம் ஒன்றைத் தவிர, எந்தப் படத்திலும் அவர் இல்லை. எப்போதும் கேமராவைப் பிடித்தவர் அவர்தானே. பின்னர் அந்தப் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தோம். நிழற்படக் கடைக்காரர் நல்லெண்ணத்துடன் கீழ்ப்பகுதியை வெட்டி, நிழலை நீக்கிச் சட்டம் போட்டுத் தந்தார். அதுதான் கூடத்தில் தொங்குகிறது.

தம் நிழல் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி கையேடுகள் சொல்லும். அமெரிக்கரான லீ ஃப்ரீட்லாண்டர் 1966-இல் நியூயார்க் தெருவில், முன்னே நடந்த பெண்ணின் முதுகில் தம் தலையின் நிழல் விழும்படியே எடுத்தார். அதனை நூலொன்றில் கண்ட அன்றே, அகராதிக்குள் கிடந்த எங்கள் சிறிய படத்தைத் தேடி எடுத்தேன். இரு முழங்கைகளும் புறத்தே விரிந்திருக்கின்றன. தலை சற்றே குனிந்திருக்கிறது. நிழலின் தோள் தம்பியின் காலைத் தொடுகிறது.

அண்மையில் தம்பி மகள் அதனைப் பார்த்துவிட்டு, "அத்தை, கீழே இருக்கிற இந்த நிழல் யாருடையது?" என்று கேட்டாள். "உன் தாத்தா" என்றேன்.