பென்ஷன் அட்டையும் மெடிக்கல் கார்டும்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை நடத்துகிறவர்கள். எங்களில் மருத்துவரும் இல்லை, காப்புறுதி முகவரும் இல்லை. எந்தக் கம்பெனியின் திட்டத்தையும் விற்க இங்கே வரவில்லை. பாலிடெக்னிக்கில் வாங்கிய டிப்ளோமாவும் தினமும் கடைக் கணக்குப் பார்க்கிற பழக்கமும்தான் எங்கள் தகுதி. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அறையில் உட்கார்ந்து பெரியவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறோம். அங்கே கேட்டதையும் தெரிந்துகொண்டதையும்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

எங்களிடம் அதிகமாக வரும் கேள்வி இது: "தம்பி, மெடிக்கல் கார்டுக்குப் பணம் ஏறிக்கிட்டே போகுது. கட்டணுமா, விட்டுடலாமா?" நாங்கள் உடனே பதில் சொல்வதில்லை. "மாமா, உங்ககிட்ட ஏற்கெனவே என்ன இருக்கு?" என்று திருப்பிக் கேட்போம். பலருக்கு அந்தக் கணக்குத் தெரிவதில்லை.

நம் நாட்டில் எல்லோருக்குமான தேசியக் காப்புறுதி கிடையாது. அந்த இடத்தில் இருப்பது வரிப்பணத்தில் நடக்கும் அரசாங்க மருத்துவமனை. குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும் கோலாலம்பூர் மருத்துவமனையிலும் வரிசை நீளம்தான். ஆனாலும் பெரிய நோய் வரும்போது நம்மில் பெரும்பாலோர் போய்ச் சேருவது அங்கேதான்.

அரசாங்கப் பென்ஷன் வாங்குவோருக்கு இதற்கு மேலும் உரிமை உண்டு. ஓய்வு பெற்றவருக்கும் அவருடைய துணைக்கும் அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். தேவையான மருந்தோ கருவியோ மருத்துவமனையில் இல்லாவிட்டால், அரசாங்க நிபுணர் சான்று கொடுத்தால், அந்தச் செலவுக்கு விண்ணப்பிக்கலாம். மூட்டு மாற்றுக் கருவி, செவிக் கருவி போன்றவை இதில் வரும். 1/09 என்ற எண் கொண்ட பாரம் இதற்குத்தான். இதில் வரிசைமுறை முக்கியம். முதலில் மருத்துவரின் கையெழுத்து, பிறகு வாங்குவது. கடையில் வாங்கிவிட்டு ரசீதோடு கையெழுத்துத் தேடி அலைந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இருதய நோய்க்கு ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் ஐ.ஜே.என். 1992இல் நிறுவனமாக்கப்பட்டது. அதனால் அதைத் தனியார் மருத்துவமனை என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அரசாங்க மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதமும் ஜி.எல். என்கிற உத்தரவாதக் கடிதமும் இருந்தால் ஓய்வூதியர் அங்கேயும் சிகிச்சை பெறலாம்.

இந்த இடத்தில் நம் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. ஒரு விதவைத் தாயார் எங்களிடம் வந்தார். கணவர் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்று இறந்தவர். "அவர் போயிட்டாரு, அட்டையும் போச்சு" என்று நினைத்து, சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு வருடமாகத் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். மகன் அனுப்புகிற பணம் மாத்திரைக்கே சரியாகிவிடும். கணவருக்குப் பிறகு மனைவிக்கு வரும் வழிப் பென்ஷனோடு மருத்துவ உரிமையும் சேர்ந்தே வருகிறது. அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது அட்டையைத் தம் பெயருக்கு மாற்றுவது மட்டும்தான். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பென்ஷன் இல்லாத வியாபாரிகளுக்கும் ஒரு வழி இருக்கலாம். உங்கள் மகளோ மகனோ அரசாங்கப் பள்ளி ஆசிரியராகவோ, தாதியாகவோ, போலீஸிலோ வேலை செய்கிறார்களா? பணியில் இருக்கும் அரசாங்க ஊழியரின் பெற்றோருக்கும் மருத்துவ வசதி உண்டு. பிள்ளையின் அலுவலகத்திலிருந்து ஜி.எல். எடுத்து வரச் சொல்லுங்கள். வாழ்நாள் முழுக்கக் கடை நடத்திய அத்தாவுக்கு, ஆசிரியையான மகள் சம்பாதித்துக் கொடுத்த உரிமை அது.

இராணுவத்தில் இருந்தவர்கள் ஜே.எச்.இ.வி. எனப்படும் முன்னாள் வீரர் விவகாரத் துறையில் பதிவைச் சரிபார்க்க வேண்டும். பென்ஷன் கிடைக்கும் அளவுக்குச் சேவைக்காலம் முடிக்காமல் வந்தவர்கள் நம் ஜமாஅத்திலும் இருக்கிறார்கள். "பென்ஷன் இல்லை, ஆகவே ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். 2012ஆம் ஆண்டு முன்னாள் வீரர் சட்டம் பென்ஷன் வாங்குவோருக்கு மட்டுமானது அல்ல. சேவைப் புத்தகத்தோடு நேரில் போய்க் கேளுங்கள்.

சரி, இவ்வளவும் இருந்தால் மெடிக்கல் கார்டு எதற்கு? அரசாங்க உரிமை தராதது இரண்டு. ஒன்று, விரைவு. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டும். மற்றொன்று, தனியார் மருத்துவமனை. நாமாக அங்கே போனால் அந்தச் செலவைப் பென்ஷன் அட்டை ஏற்காது. இந்த இரண்டு இடைவெளியை நிரப்புவதற்குத்தான் கார்டு. அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது வியாபாரக் கணக்கு.

உதாரணத்துக்கு, மாதம் 1,800 வெள்ளி பென்ஷன் வாங்குகிறவர் கார்டுக்கு 600 வெள்ளி கட்டினால் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறும். 70 வயதில் கட்ட முடியாமல் விட்டால், கார்டு மிகவும் தேவைப்படுகிற வயதில் கையில் இருக்காது. ஆகவே இன்று கட்ட முடிகிறதா என்று பார்த்தால் போதாது. பத்து வருடம் கழித்தும் கட்ட முடியுமா என்று பாருங்கள்.

கையில் கார்டு இருப்பவர்கள் கோபத்தில் ரத்து செய்யாதீர்கள். 60 வயதுக்கு மேல் புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களைப் பொதுவாக ஏற்பதில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, இருதய நோய் போன்றவற்றுக்கு முதல் 120 நாள் காத்திருப்பும் இருக்கும். சந்தா உயர்வால் எழுந்த புகார்களுக்குப் பிறகு, 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா இடைக்கால நடவடிக்கைகளை அறிவித்தது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்றது. 60 வயதைக் கடந்து, தங்கள் திட்டத்திலேயே மிகக் குறைந்த வகையை வைத்திருப்போருக்கு ஓராண்டு உயர்வை நிறுத்தச் சொன்னது. ஆகவே ரத்து செய்யுமுன், "இதைவிடக் குறைந்த திட்டம் என்ன இருக்கு?" என்று கம்பெனியிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

செலவில் ஒரு பகுதியை நாமே ஏற்கிற திட்டங்களுக்குச் சந்தா குறைவு. 5 விழுக்காடு நம் பங்கு என்றால், 30,000 வெள்ளி பில்லுக்கு நாம் கொடுப்பது 1,500. பென்ஷன் அட்டை உள்ளவருக்கு இது பெரும்பாலும் பொருந்தும். அன்றாட வைத்தியத்துக்கு அரசாங்கம், அவசரமான பெரிய சிகிச்சைக்குக் கார்டு என்று பிரித்துக்கொள்ளலாம். பல திட்டங்களில், அரசாங்க மருத்துவமனையில் தங்கினாலும் நாளுக்கு ஒரு தொகை கிடைக்கும். உங்கள் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

தகாஃபுல் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவருக்கொருவர் உதவ மனமுவந்து கொடுக்கும் தபர்ரு என்ற அடிப்படை நமக்கு மனநிறைவு தருகிறது. ஆனாலும் அதிலும் வருடாந்தர வரம்பு, காத்திருப்புக் காலம், விலக்குகள் எல்லாம் உண்டு. தகாஃபுல் என்ற பெயரைப் பார்த்ததும் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. நோயை மறைத்துக் கையெழுத்துப் போடவும் கூடாது. "இதெல்லாம் எழுத வேண்டாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிறகு கோரிக்கை நிராகரிக்கப்படும்போது நிற்கப்போவது நாம்தான். பத்திரம் கைக்கு வந்த 15 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கலாம். கம்பெனியின் இறுதி முடிவில் நியாயம் இல்லையென்றால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளரிடம் ஆறு மாதத்துக்குள் போகலாம்.

எங்கள் வயதுத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அத்தாவுக்குக் கார்டு வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். இந்த வாரம் வீட்டில் ஒரு கோப்பு போடுங்கள். பென்ஷன் அட்டை, திருமணச் சான்றிதழ், காப்புறுதிப் பத்திரம், மருந்துப் பட்டியல், மருத்துவமனைச் சந்திப்பு அட்டை எல்லாவற்றின் நகலும் அதில் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும்.

சங்கத்திடம் நாங்கள் கேட்பது ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு ஞாயிறு கிள்ளானில். உட்கார நாங்கள் தயார். ஐம்பது ஆண்டுகளாக நம் ஜனாஸாக்களுக்கு முன்னால் நின்ற சங்கம் இது. அதற்கு முன்பு வரும் நோய்க்காலத்திலும் நம் பெரியவர்களோடு நிற்கட்டும். அல்லாஹ் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.