அலமேலு



ஆண்டு விழாவில் பேசுமாறு பணித்த செயலாளர், பொருளை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். ஒரு பெண்ணின் பெயரைப் பற்றிப் பேச முற்படுகிறேன். காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது. அதனைப் பின்னர் சொல்வேன்.

நம் பாட்டிமார் பலருக்கு வழங்கிய 'அலமேலு' முழுப் பெயரன்று. அலர்மேல் மங்கை என்பதே முழு வடிவம். அலர்தலாவது மலர்தல். மலர்ந்த தாமரையின்மேல் வீற்றிருக்கும் திருமகள் என்பது பொருள். நம்மாழ்வார் திருவேங்கடத்தானைச் சரண் புகும்போது, அவன் மார்பில் உறைபவளை இப்பெயராலேயே குறிப்பிடுகிறார். (அகத்துறையில் அலர் என்றால் ஊரார் தூற்றும் பேச்சு, குறளின் 115-ஆம் அதிகாரமே அலரறிவுறுத்தல். பெண்ணைப் பெற்றோர் அஞ்ச வேண்டா; அந்த அலர் இங்கில்லை!)

வேங்கடத்தின் அடிவாரம் தெலுங்கு வழங்கும் நாடு. திருச்சானூரில் எழுந்தருளிய தாயாரை அந்நாட்டு மக்கள் 'அலமேலு மங்க' என்றனர். ரகர ஒற்று மறைந்தது. 'மேல்' என்பதன் ஈற்றில் உகரம் ஏறியது. 15-ஆம் நூற்றாண்டில் தாள்ளபாக்கம் அன்னமாசாரியர் இவ்வடிவிலேயே அன்னையைப் பாடினார். வடக்கே சென்ற தமிழ்ப் பெயர், தெலுங்கு உச்சரிப்போடு நம் இல்லங்களுக்குத் திரும்பி வந்தது. வந்தபின் நாம் 'மங்கை'யையும் விட்டுவிட்டோம். எஞ்சியது 'பூவின் மேல்' என்பது மாத்திரமே! பூவின்மேல் யார் என்பதைப் பெயர் சொல்லாது. அழைப்பவர்தாம் அறிந்துகொள்ள வேண்டும்.

கன்னட நாட்டிலும் இப்பெயருக்கு ஒரு கதை உண்டு. 1610-இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைக்கொண்ட காலத்தில், நகைகளைக் கேட்டுத் துரத்தப்பட்ட அலமேலம்மா, தலைக்காடு மணலாகுக, மைசூர் மன்னர்க்கு மகப்பேறு இல்லாதொழிக என்று சபித்துக் காவிரியில் பாய்ந்தாள் என்பர்.

இனி என் வீட்டுக் கதை. எங்கள் குலதெய்வம் வேங்கடவன். வழக்கப்படி என் தாயாரின் பெயரை மகளுக்கு இட்டோம். மாமியார் பெயரைச் சொல்லலாகாது என்று என் மனைவி குழந்தையை 'அம்மாளு' என்பாள். அலமு என்று வாய் நிறைய அழைத்தவர் என் தாயார் ஒருவரே. இந்நகரத்துப் பள்ளியில் பிள்ளைகள் அதனை 'அல்பேலி' ஆக்கிவிட்டனர். மனம் போனபடி மினுக்கித் திரிபவள் என்பது இந்தியில் அதன் பொருள். பத்து வயதில் அவள் அழுதுகொண்டு வந்தாள். தாயாரைக் கேளாமலே பள்ளிப் பதிவேட்டில் 'பத்மா' என்று மாற்றிக் கையொப்பமிட்டேன். "இரண்டும் தாமரைதானே அம்மா" என்று சமாதானம் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. அதன்பின் வாழ்ந்த ஆறு ஆண்டுகளும் பேத்தியைப் பெயர் சொல்லி அழைக்கவுமில்லை. 'குழந்தை' என்றே அழைத்தார்.

சென்ற மாதம் என் மகளுக்குப் பெண் பிறந்திருக்கிறது. பாட்டி பெயர்தான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். பிறப்புப் பதிவில் அலர்மேல்மங்கை என்று எழுதுவதா, அலமேலு என்றே எழுதுவதா என்பது இப்பொழுது எங்கள் வீட்டு வழக்கு. இலக்கணத்தை எடுத்துக் காட்டி நான் வாதாடுகிறேன். "பாட்டி கையெழுத்துப் போட்டது எப்படியோ, அப்படியே இருக்கட்டும்" என்கிறாள் மகள்.