சங்கு எடுத்த கைக்கு என்ன மிஞ்சியது?

(கொல்லிமலை விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



மலைமேல் நின்று கடலைப் பற்றிப் பேசுகிறானே என்று எண்ண வேண்டாம். உங்கள் மிளகும் பலாவும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கீழே போகின்றன. விலை சொல்பவன் யார்? விளைவித்தவனா? இல்லை, மண்டிக்காரன்! கடற்கரையிலும் இதே கதைதான்.

தூத்துக்குடியில் சங்கு குளித்தவர்கள் மூச்சை அடக்கிக் கடலடியில் இறங்கினார்கள். எடுத்த சங்கு அவர்களுக்குச் சொந்தமல்ல. வெள்ளையன் ஆட்சியில் அது சர்க்காரின் ஏகபோகம். சர்க்கார் நிர்ணயித்த கூலிக்கு ஒப்படைத்தே தீர வேண்டும். சங்குத் துறை அதிகாரி ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் வெளியிட்ட நூலில் இந்தத் தொழிலை விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்தச் சங்கு வங்காளத்துக்குக் கப்பலேறியது. டாக்காத் தொழிலாளி பிறை வடிவ ரம்பத்தால் அதை அறுத்து, மணமான பெண்கள் அணியும் வெள்ளை வளையாக்கினார். குளித்தவனுக்கும் கூலி, அறுத்தவனுக்கும் கூலி. லாபமோ இடையில் நின்றவனுக்கு!

வளை அறுக்கும் தொழில் நமக்குத் தெரியாததல்ல. பழைய கொற்கையில் அறுபட்ட சங்குத் துண்டுகள் மண்ணுக்கடியில் கிடைத்திருக்கின்றன. இன்றும் ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் சிப்பி மாலையும் சோழிப் பொம்மையும் விற்கின்றன. வாங்கும்போது, கோர்த்த பெண்ணுக்கு இதில் எவ்வளவு என்று கேளுங்கள்.

மில் தொழிலாளியின் நூலுக்கும் இதே கேள்விதான்.

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தேன் போன்ற சிறு வன விளைபொருள்களின் உரிமையை மலைமக்களுக்குத் தந்தது. ஆனால் தனியாகச் சுமந்து போனால் மண்டிக்காரன் விலைதான். கூட்டுறவாகச் சேர்ந்து விற்றால் நாம் விலை பேசலாம்.

கடலோரத்துக் கையும் மலையோரத்துக் கையும் ஒன்று சேரட்டும்!