மணிகளுக்கிடையே பிறக்கும் தடை



மின்னோட்டம் செல்லும் கம்பி சூடேறுவதை நாம் எல்லோரும் அறிவோம். மின்னழுத்தியும் மின்னடுப்பும் அச்சூட்டினாலேயே நமக்குப் பயன்படுகின்றன. ஆயின், மின்னிலையத்திலிருந்து நெடுந்தூரம் ஓடும் கம்பிகளிலே அதே சூடு வீண் செலவாகிவிடுகின்றது. மின்னோட்டத்தைப் பொருள் எதிர்க்கும் இவ்வியல்பே மின்தடை எனப்படும். இத்தடையை முற்றாக ஒழிக்க முடியுமா?

முடியும் என்று 1911 ஆம் ஆண்டிலே கண்டவர் ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரத்துப் பௌதிக அறிஞர் கமர்லிங் ஒன்னெஸ். இரசத்தைத் திரவ ஈலியத்தினாற் குளிர்வித்தபோது, ஏறத்தாழ 4.2 கெல்வினில், அதாவது பூச்சியத்துக்குக் கீழ் 269 சதம பாகையில், அதன் தடை திடீரென மறைந்தது. இவ்வாறு தடையிழக்கும் பொருள்களை மீக்கடத்திகள் என்பர். ஆனால், இத்துணைக் குளிர்ச்சியைத் தரவல்ல ஈலியமோ அரியது, விலை மிகுந்தது. ஆகவே அப்பேறு நெடுங்காலம் ஆய்வுகூடங்களுக்கே உரியதாய் இருந்தது.

1986 ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தின் சூரிச் நகருக்கு அண்மையிலுள்ள ஆய்வுகூடமொன்றில் பெட்னோர்ட்ஸ், முல்லர் என்னும் இருவர், செம்பு ஒட்சைட்டுக் கலந்த மட்பாண்டம் போன்றதொரு பொருள் 30 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தியாவதைக் கண்டனர். அடுத்த ஆண்டிலே அமெரிக்காவில் இத்திரியமும் பேரியமும் செம்பும் ஒட்சிசனும் சேர்ந்த பொருளொன்று ஏறத்தாழ 93 கெல்வினில் அந்நிலையை அடைந்தது. இதன் சிறப்பு யாதெனின், 77 கெல்வினிற் கொதிக்கும் திரவ நைதரசனே அதனைக் குளிர்விக்கப் போதும். நைதரசனோ நம்மைச் சூழ்ந்த காற்றிலே பெரும்பங்கு. பெட்னோர்ட்சும் முல்லரும் அவ்வாண்டே நோபெல் பரிசு பெற்றனர். தடையற்ற மின்கம்பிகள் விரைவில் நாடெங்கும் ஓடும் என்று பலர் நம்பினர்.

அந்நம்பிக்கைக்கு ஊறு விளைத்தது எது? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இப்பொருளை ஆக்கும் முறையைச் சற்று நோக்குவோம். மூலப்பொருள்களைத் தூளாக அரைத்து, அழுத்தி, குயவன் சூளையிலே கலம் சுடுவது போல உலையிற் சுடுகின்றனர். சுட்டெடுத்த கட்டி வெளிக்கு ஒரே பொருளாகத் தோன்றும். உருப்பெருக்கியால் நோக்கினாலோ, பல்லாயிரம் சிறு பளிங்கு மணிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது புலனாகும். ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு திசையை நோக்கியிருக்கும். வயல்களும் அவற்றிடையே வரம்புகளும் போல, மணிகளும் அவற்றிடையே எல்லைகளும் உள்ளன என்று கொள்க.

இக்கட்டியைக் குளிர்வித்துக்கொண்டே தடையை அளந்தால், அது இரு படியாகக் குறைவதைக் காணலாம். முதலில், மணிகள் மீக்கடத்திகளாகும்போது தடை செங்குத்தாக வீழும். ஆயினும் பூச்சியத்தை அடையாது. ஒரு சிறு வால் போல எஞ்சி நிற்கும். இன்னும் குளிர்ந்த பின்னரே மணிகளுக்கிடையிலுள்ள எல்லைகளும் இசைந்து, அவ்வால் மறையும்.

இனி, ஒரு காந்தத்தை அருகிற் கொணர்வோம். புவியின் காந்தப்புலத்தைப் போல நூறு மடங்கு வலிமை போதும். அது சிறு காந்தமொன்று தரும் அளவேயாகும். முதற்படி ஏறக்குறைய அசையாது நிற்கும். வாலோ நீண்டுவிடும். மறைந்திருந்த தடை மீண்டும் தலைகாட்டும். மணிகளின் உட்புறம் இதைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிய புலத்தையும் தாங்க வல்லது. தோற்பது வயலன்று, வரம்பே.

இதன் காரணத்தை அறிய உதவுவது 1962 ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜில் பிரயன் யோசப்சன் என்னும் இளம் மாணவர் வகுத்த கொள்கை. மீக்கடத்தியினுள் இலத்திரன்கள் இணைகளாகி, ஒரே அலை போல ஒத்தியங்குகின்றன. மெல்லிய இடைவெளியொன்று குறுக்கிட்டாலும் அவ்வலை அதனைக் கடந்து செல்லும். ஆனால், அவ்விடைவெளியிலே காந்தப்புலம் நுழைந்தால், எல்லையின் ஓரிடத்து ஓட்டம் முன்னோக்கியும் மற்றோரிடத்து ஓட்டம் பின்னோக்கியும் அமைந்து ஒன்றையொன்று அழித்துவிடும். தாளம் பிறழ்ந்த கூட்டுப்பாட்டின் நிலை அது.

இன்னுமொரு விந்தை உண்டு. புலத்தைக் கூட்டிச் செல்லும்போது அளந்த தடையும், அதே புலத்துக்குக் குறைத்து வரும்போது அளந்த தடையும் ஒன்றாவதில்லை, பின்னது சிறியது. ஏன்? கூட்டும்போது மணிகள் காந்தக் கோடுகளை வெளியே தள்ளுகின்றன. அவை எல்லைகளிலே நெருங்கி அடர்கின்றன. குறைக்கும்போதோ, முன்னரே மணிகளுக்குள் அகப்பட்ட கோடுகள் வெளியேற மாட்டாமல் தங்கி, எல்லைகளில் வெளிப்புலத்துக்கு எதிரான புலத்தைத் தோற்றுவிக்கின்றன. அதனால் எல்லைகளின் சுமை குறைகின்றது. தான் கடந்து வந்த வழியைப் பொருள் தன்னுள் பதித்து வைத்திருக்கின்றது என்னலாம்.

இக்குறையின் அளவைக் கேளுங்கள். சுட்டெடுத்த கட்டியொன்று, புறக்காந்தம் இல்லாதபோதே, திரவ நைதரசனில் ஒரு சதுர சதமமீற்றருக்குச் சில நூறு அம்பியரையே தாங்கும். மணிகள் ஒரே திசையில் ஒழுங்காய் அமைந்த மென்படலமோ பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அம்பியரைத் தாங்கும். பொருள் ஒன்றே; அடுக்கு முறையே வேறு. அயல்மணிகள் இரண்டின் திசைகள் பத்துப் பாகை அளவு பிறழ்ந்தாலும் ஓட்டம் பெரிதும் குன்றும் என்பதை 1988 ஆம் ஆண்டளவிற் செய்த சோதனைகள் காட்டின.

நோயின் இடம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. பிசுமது சேர்ந்த மீக்கடத்தித் தூளை வெள்ளிக் குழாயுள் அடைத்து, இழுத்து, தட்டையாக உருட்டி, மணிகளை ஒரே முகமாகப் படியச் செய்தனர். அத்தகைய நாடாக்களாலான ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீள மின்வடம் 2014 ஆம் ஆண்டிலே செருமனியின் எசன் நகரத்து மின்வழங்கலில் இணைக்கப்பட்டது. மறுபுறம், காந்தத்துக்கு எளிதில் இசையும் யோசப்சன் இணைப்பின் இயல்பையே கருவியாக்கி, மனித மூளையில் எழும் மிக நுண்ணிய காந்தப்புலத்தையும் அளக்கின்றனர்.

1987 ஆம் ஆண்டின் நம்பிக்கை பொய்த்ததன்று; அது முதிர்வதற்குக் காலம் வேண்டியிருந்தது. ஒரு பொருள் தனித்து நிற்கையில் எத்துணைச் சிறந்ததென்பது ஒரு வினா. அது தன் அயலோடு எவ்வாறு பொருந்துகின்றது என்பது மற்றொரு வினா. அறிஞர் இரண்டாவது வினாவைப் பொறுமையோடு கேட்டதனாலேயே, ஆய்வுகூடத்துச் சூளையிற் பிறந்த அப்பொருள் நகர வீதிக்கு அடியிலே ஒளியைச் சுமந்து செல்லும் வடமாயிற்று.