உறைந்த கடலின் கரையில்

கடலோர ஊர்களில் குளிரும் வெப்பமும் மிகுதியாக இரா என்று பூகோள நூலில் படித்திருப்பீர்கள். கனடாவில் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சர்ச்சில் என்னும் சிற்றூருக்கு இவ்விதி பாதியே பொருந்தும் என்பேன்.

ஜூலையில் அங்கே சராசரி வெப்பம் 13 டிகிரி செல்சியஸ் அளவே. கோடைத் தொடக்கம்வரை மிதக்கும் பனிக்கட்டி கரையைக் குளிர்விக்கிறது. ஜனவரியிலோ உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 26 டிகிரி. காரணம் யாது? நவம்பர், டிசம்பரில் விரிகுடா உறைகிறது. பனிக்கட்டி போர்த்த கடல் தன் வெப்பத்தைக் காற்றுக்கு எளிதில் ஈவதில்லை, நிலம்போல் ஆகிவிடுகிறது.

அப்பனிப்பரப்பில் நின்றே வெண்கரடிகள் கடல்நாய்களை வேட்டையாடும். புவி வெப்பமடைவதால் பனிக்கட்டி முன்னிலும் விரைவில் உருகுகிறது. கரடிகளின் பட்டினிக் காலமும் நீள்கிறது. நாம் அஞ்சும் குளிரே அவற்றுக்குச் சோறிடுகிறது.